மண்ணிலிருந்து மக்கள் முன்: விழுந்த போர் விமானத்தை மீட்டுக் காட்சிக்கு வைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

லண்டனின் வடபகுதியில் ஹெண்டனில் இருக்கிறது பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகம். ஒரு கீறல்கூட இல்லாமல் வரிசைகட்டி நின்ற விமானங்களுக்கு நடுவே, பி3175 என்ற எண் கொண்ட ஹரிக்கேன் போர் விமானம் மட்டும் வளைந்த குழாய்களும் கிழிந்த தகடுகளுமாகக் கிடந்தது. இரண்டாம் உலகப் போரில், 1940 ஆகஸ்ட் 31 அன்று எசெக்ஸ் கடற்கரையில், வால்டன்-ஆன்-த-நேஸ் ஊரருகே சுட்டு வீழ்த்தப்பட்ட விமானம் அது. அதை ஓட்டிய ஜெரார்ட் மாஃபெட் பாராசூட்டுடன் குதித்தார். உயரம் போதவில்லை, உயிர் தங்கவில்லை. மற்ற விமானங்களின் முன் நின்றபோது இறக்கையின் நீளத்தையும் துப்பாக்கிகளின் எண்ணிக்கையையும் பார்த்தேன். இதன் முன் நின்றபோது அந்த மனிதரை நினைத்தேன்.

இந்த வழிகாட்டி முழுவதும் அந்த நினைப்பிலிருந்து பிறந்ததுதான். விழுந்த விமானத்தின் வரலாறு அது விழுந்த விதத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு மடிப்பும் ஒரு சாட்சி. மீட்பவரின் வேலை அந்தச் சாட்சியத்தைக் கலைக்காமல் வெளியே கொண்டுவருவது. நிமிர்த்தி, தட்டி, வண்ணம் பூசிப் புதிதாக்குவது வேறு தொழில்.

உதாரணத்துக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன்: அயர்லாந்தின் டோனிகோல் மாவட்டத்தில் சதுப்பு நிலத்துக்குள் 70 ஆண்டுகள் கிடந்து, 2011 ஜூனில் வெளியே வந்த பி8074.

முதலில் காகிதம், பிறகு மண்வெட்டி

தோண்டும் ஆசை வந்தவுடன் நிலத்துக்கு ஓடாதீர்கள். ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். பிரிட்டிஷ் விமானம் என்றால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒவ்வொரு ஸ்குவாட்ரனின் (விமானப்படைப் பிரிவின்) அன்றாடச் செயல்பாட்டுப் பதிவேடும் இருக்கிறது. யார், எந்த எண் விமானத்தில், எத்தனை மணிக்குக் கிளம்பினார், திரும்பினாரா என்பதெல்லாம் அதில் வரி வரியாகத் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். அமெரிக்க விமானம் என்றால் காணாமல்போன விமானிகள் பற்றிய அறிக்கைகள் தனியே உண்டு. பிறகு உள்ளூர்ச் செய்தித்தாள், காவல் நிலையக் குறிப்பு, ஊர்ப் பெரியவர்கள்.

இவை எல்லாவற்றிலும் நீங்கள் தேட வேண்டிய விடை ஒன்றுதான்: விமானி என்ன ஆனார்?

பி8074-ஐ ஓட்டிய ரோலண்ட் உல்ஃப் அமெரிக்கர். அமெரிக்கா போரில் இறங்கும் முன்பே பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்து, அமெரிக்கத் தன்னார்வலர்களைக் கொண்ட 133-ஆவது ஸ்குவாட்ரனில் பறந்தவர். 1941 நவம்பர் 30 அன்று கப்பல்களுக்குக் காவலாகப் போய்த் திரும்பும்போது என்ஜின் கொதித்தது. இனிஷோவன் தீபகற்பத்தின் மேலே பாராசூட்டில் குதித்தார். கால் பதித்தது நடுநிலை நாடான அயர்லாந்தில்; எனவே கர்ரா முகாமில் அடைத்தார்கள். இரண்டு வாரத்தில் தப்பி, பிரிட்டன் வசமிருந்த வட அயர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தார். நடுநிலைமை கெட்டுவிடும் என்று அஞ்சிய அவருடைய சொந்தத் தரப்பே அவரைத் திருப்பி அனுப்பியது. விமானி உயிரோடு வெளியேறிவிட்டார் என்பது காகிதத்தில் உறுதியாக இருந்ததால்தான் எழுபது ஆண்டு கழித்து நிம்மதியாகத் தோண்ட முடிந்தது.

அந்த உறுதி கிடைக்காவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். லண்டனுக்கு மேற்கே ரன்னிமீடில் உள்ள நினைவிடத்தில், கல்லறை இல்லாத 20,000-க்கும் மேற்பட்ட விமானப்படையினரின் பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவர்களில் சிலர் இன்னும் தங்கள் விமானத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடம் அகழ்வுக்கான இடமன்று. அது கல்லறை.

காகிதத்தில் இன்னொன்றும் கிடைக்கும்: விமானத்தின் பெயர். பி8074-க்கு ‘கார்ஃபீல்ட் வெஸ்டன்’ என்று பெயர். போர் விமானங்கள் வாங்க ஒரு லட்சம் பவுண்டு கொடுத்த பிஸ்கட் தொழிலதிபரின் பெயர் அது. இப்படி நன்கொடைப் பணத்தில் பறந்த விமானங்கள் ஏராளம். நம் ஊர்ப் பணமும் அதில் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் திரட்டிய நிதிக்கு நன்றியாக 79, 234, 264 ஆகிய மூன்று ஸ்குவாட்ரன்கள் ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்ற பெயரைத் தாங்கிப் பறந்தன. எந்த ஸ்குவாட்ரன் என்பதைப் பார்க்கும்போது அதன் பெயர் எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். பின்னால் விளக்கப் பலகை எழுதும்போது உதவும்.

அனுமதி

ராணுவ விமானம் எவ்வளவு பழையதானாலும், எவ்வளவு சிதைந்தாலும் பொதுவாக அரசின் சொத்துதான். பிரிட்டனில் 1986-ஆம் ஆண்டின் ராணுவ எச்சங்கள் பாதுகாப்புச் சட்டம் இதை ஆள்கிறது. பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம் இல்லாமல் விழுந்த இடத்தைத் தொடுவதே குற்றம். மனித உடல் இருக்க வாய்ப்புண்டு என்றாலோ, வெடிக்காத குண்டுகள் அதிகம் கிடக்கலாம் என்றாலோ உரிமம் தர மாட்டார்கள். அயர்லாந்தில் தொல்பொருள் துறை அனுமதி வேண்டும். அமெரிக்கப் படைகளின் மூழ்கிய விமானங்களுக்கு 2004-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. எந்த நாட்டுக் கடலில் கிடந்தாலும் அது பொருந்தும்.

நிலத்துக்காரரின் எழுத்துப்பூர்வச் சம்மதத்தை முதலிலேயே வாங்கிவிடுங்கள். கண்டெடுக்கும் பொருள் யாருக்குப் போகும், எந்த அருங்காட்சியகம் ஏற்கும் என்பதும் அப்போதே காகிதத்தில் வந்துவிட வேண்டும். ஏற்க ஓர் இடம் உறுதியாகாத நிலையில் தோண்டுவது பெரும் தவறு. நூறு துண்டுகளைக் கொட்டகையில் குவித்து வைத்துவிட்டு இடம் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இடம் கிடைப்பதற்குள் துண்டுகள் பொடியாகிவிடுகின்றன.

இடத்தைக் கண்டுபிடித்தல்

செங்குத்தாக விழுந்த போர் விமானத்தின் இறக்கைகள் தரையிலேயே நொறுங்கிவிடும். என்ஜின் மட்டும் ஆணிபோல் உள்ளே இறங்கும். இளகிய மண்ணில் பல மீட்டர் ஆழம்கூடப் போகும். மேலே கிடந்ததைப் போர்க்காலத்திலேயே மீட்புப் படையினர் அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். எனவே நீங்கள் தேடுவது கண்ணுக்குத் தெரியாத ஒரு குழியை.

காந்தப்புல மானியைக் கையில் ஏந்திக் கட்டம் கட்டமாக நடப்பதுதான் நம்பகமான வழி. என்ஜினின் எஃகுப் பாகங்களும் துப்பாக்கிகளும் மண்ணின் காந்தப்புலத்தைக் குலைக்கும். வரைபடத்தில் அது ஒரு புள்ளியாகத் தெரியும். சாதாரண உலோகம் காணும் கருவி மேல்மண்ணில் சிதறிய தகடுகளைக் காட்டும். அந்தச் சிதறலின் நீளவாக்கை வைத்து விமானம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று ஊகிக்கலாம்.

உயிருக்கு ஆபத்தானவை

பி8074-இன் எட்டு பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கிகளில் ஆறு கிடைத்தன. கூடவே சுமார் ஆயிரம் தோட்டாக்கள். ஆகவே வெடிபொருள் வல்லுநர் தோண்டும் நாளில் குழியோரம் நின்றே ஆக வேண்டும். தொலைபேசியில் கிடைப்பார் என்பது போதாது. தோட்டா மட்டுமன்று. சமிக்ஞை வெடிகள் இருக்கும். ‘நண்பனா, பகைவனா’ என்று ரேடாருக்குச் சொல்லும் ரகசியக் கருவி எதிரி கையில் சிக்கக் கூடாது என்பதற்காக அதற்குள்ளேயே சிறு வெடிமருந்து வைத்திருந்தார்கள்.

ஓசையில்லாமல் தாக்குபவை இன்னும் மோசம். இரவில் ஒளிர்வதற்காக விமானி அறையின் கடிகாரங்களிலும் மானிகளிலும் ரேடியம் பூசியிருப்பார்கள். ஒளிர்வது நின்று பல காலம் ஆகியிருக்கும், கதிரியக்கம் நிற்காது. கண்ணாடி உடைந்த மானியை ஊதிப் பார்ப்பதோ, துடைப்பதோ, வீட்டுக்கு எடுத்துப் போவதோ கூடவே கூடாது. இரட்டைப் பையில் போட்டு, எழுதி ஒட்டி, கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலரிடம் ஒப்படையுங்கள். என்ஜின் தடுப்புச் சுவரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பச்சை மஞ்சளாகத் தெரியும் அடிப்பூச்சு துத்தநாகக் குரோமேட். அதன் தூள் நச்சு. முகமூடியும் கையுறையும் எல்லோருக்கும், எப்போதும்.

எலும்பு என்று சந்தேகப்படும்படி எது தெரிந்தாலும் வேலை அந்த நொடியே நிற்க வேண்டும். இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காவல்துறையை அழையுங்கள். கேமராக்களையும் அணையுங்கள்.

தோண்டும் நாள்

பொக்லைன் இயந்திரத்துக்குப் பல் இல்லாத அகலமான வாளியைக் கேளுங்கள். பல் வைத்தது தகட்டைக் கிழிக்கும். ஓட்டுநரிடம் காலையிலேயே பேசிவிடுங்கள். அவர் நல்ல கைக்காரராக இருப்பதைவிட, கை உயர்த்தினால் உடனே நிறுத்துபவராக இருப்பது முக்கியம். ஒரு நேரத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு மேல் வழிக்க விடாதீர்கள். சதுப்பு என்றால் இயந்திரமே புதைந்துபோகும். அதற்கு அடியில் மரப்படுகை பரப்ப வேண்டும்.

நெருங்கிவிட்டதை முதலில் சொல்வது மூக்கு. பல ஆண்டுகள் அடைபட்டிருந்த பெட்ரோலும் எண்ணெயும் கலந்த நெடி திடீரென்று மேலே வரும். அடுத்து மண்ணின் நிறம் மாறும்: பழுப்பு போய், சாம்பல் கலந்த நீலம். அலுமினியம் கரைந்து மண்ணோடு கலந்த நிறம் அது. அந்த நிறம் தெரிந்தவுடன் இயந்திரத்தை ஒதுக்கிவிட்டுக் கரண்டியும் கையுமாக இறங்குங்கள்.

எடுக்கும் ஒவ்வொரு துண்டும் எந்தக் கட்டத்தில், எந்த ஆழத்தில், எந்தப் பக்கம் நோக்கிக் கிடந்தது என்பதை எடுப்பதற்கு முன்பே படம் பிடித்து எழுதிவிட வேண்டும். ஒருவர் இதை மட்டுமே செய்யட்டும். வேறு வேலை கொடுக்காதீர்கள். ஸ்பிட்ஃபயரின் மெர்லின் என்ஜின் 600 கிலோவுக்கு மேல். அதன் புரொப்பெல்லர் தண்டில் சங்கிலி மாட்டி இழுப்பது எளிது என்று தோன்றும். வேண்டாம். அகலமான துணிப்பட்டைகளை அடியில் செலுத்தி, நேராக மேலே தூக்குங்கள்.

டோனிகோல் சதுப்பில் காற்றே புகாததால் விமானியின் தோல் தலைக்கவசம்கூட மிஞ்சியிருந்தது. துப்பாக்கிகளில் ஒன்றை அயர்லாந்து ராணுவத்தினர் சுத்தம் செய்து, பாகங்களைப் பொருத்தி, ஆத்லோனில் சுட்டுப் பார்த்தார்கள். எழுபது ஆண்டு சேற்றில் கிடந்த துப்பாக்கி சுட்டது. இதைப் படித்துவிட்டு யாரும் முயன்று பார்க்க வேண்டாம். ராணுவம் செய்தது அது. காட்சிக்குப் போகும் துப்பாக்கி சட்டப்படி செயலிழக்கச் செய்யப்பட்டிருக்க வேண்டும்.

காற்று பட்ட பிறகு

பெரும்பாலான மீட்புகள் தோற்பது குழியில் அல்ல, அடுத்த வாரத்தில்.

நான் சேர்ந்திருந்த ஒரு சிறு குழுவில், தோண்டி முடித்த களைப்பில் தகடுகளைத் தார்ப்பாயின் மேல் பரப்பி வெயிலில் காயவிட்டோம். மாலையில் பார்க்க அழகாக இருந்தன. பத்து நாளில் ஓரங்களில் வெள்ளைப் பொடி பூத்தது. ஒரு மாதத்தில் ஒரு தகடு அப்பளம்போல் அடுக்கடுக்காகப் பிரிந்து கையில் உதிர்ந்தது. அதன் மேல் இருந்த எண் முத்திரையும் போயிற்று. அன்றைக்கு யாராவது எங்களிடம் ஒரு தொட்டித் தண்ணீர் பற்றிச் சொல்லியிருந்தால் அது இன்றும் இருந்திருக்கும்.

காரணம் இதுதான். விமானத் தகடு தூய அலுமினியம் அல்ல; செம்பும் மக்னீசியமும் கலந்த டூராலுமின். உப்பும் ஈரமும் காற்றும் ஒன்றுசேர்ந்தால் உள்ளிருந்தே அரிக்கும். எஃகு ஆணியும் அலுமினியத் தகடும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் சிறு மின்கலம்போல் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். அலுமினியம்தான் முதலில் தன்னைக் கொடுக்கும். மண்ணுக்குள் காற்று இல்லாததால் இத்தனை ஆண்டு தூங்கிக்கொண்டிருந்த அரிப்பை நாம் வெளியே எடுத்து எழுப்பிவிடுகிறோம்.

எனவே ஈரமாக வந்தது ஈரமாகவே இருக்கட்டும். குழியோரத்திலேயே நல்ல தண்ணீர்த் தொட்டிகள் தயாராக இருக்க வேண்டும். உலோகம் உலோகமாகப் பிரித்துப் போடுங்கள். தண்ணீரைத் தொடர்ந்து மாற்றி, அதில் உப்பு வெளியேறுவது எந்த அளவு என்று சோதித்துக்கொண்டே வாருங்கள். தொட்டி நீரைக் கொஞ்சம் சோதனைக்குழாயில் எடுத்து, சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டால், உப்பு இருக்கும்வரை பால்போல் கலங்கும். கலங்குவது நிற்கும்வரை வேலை முடியவில்லை.

கடலிலிருந்து வந்தது என்றால் பொறுமை ஆண்டுக் கணக்கில் வேண்டும். 2013 ஜூன் 10 அன்று இங்கிலாந்தின் தென்கிழக்குக் கடலில் உள்ள குட்வின் மணல்திட்டிலிருந்து தூக்கிய ஜெர்மன் டோர்னியர் 17 போர் விமானம் அல்ல, குண்டுவீச்சு விமானம். ஆனால் இந்தத் துறையில் எல்லோருக்கும் பாடம். பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தின் காஸ்ஃபோர்டு கிளையில் பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் வைத்து, மிதமான சிட்ரிக் அமிலக் கரைசலை அதன் மேல் தொடர்ந்து தெளித்தார்கள். எலுமிச்சையில் இருக்கும் அதே அமிலம். சிப்பியும் படிவும் இளகின, உலோகம் தப்பியது. அமில, கார அளவைக் கண்காணிக்காமல் இதைச் செய்யக் கூடாது: கடுமையான அமிலமும் அலுமினியத்தைத் தின்னும், காரமும் தின்னும். இரும்புக்குப் பயன்படும் காஸ்டிக் சோடாத் தொட்டியில் அலுமினியத்தைப் போட்டால் அது கரைந்தே போகும்.

கழுவுவதற்கு மெல்லிய தூரிகை, மூங்கில் குச்சி, விரல். கம்பித் தூரிகையும் மணல்வீச்சு இயந்திரமும் பட்டறைக்கு வெளியே இருக்கட்டும். ஓர் உள்ளங்கை அளவுத் தகட்டை நீருக்கடியில் பிடித்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் சேற்றை ஒத்தி எடுத்துப் பாருங்கள். முதலில் ரிவெட் வரிசை தெரியும், சில தலைகள் போய்த் துளை மட்டும். பிறகு உட்புறத்தின் பச்சைப் பூச்சு. அதன் மேல் சிறு வட்டத்துக்குள் ஓர் எண்ணும் எழுத்தும்: தொழிற்சாலையில் அந்தப் பாகத்தைச் சோதித்த ஆய்வாளரின் மை முத்திரை. அவர் அதைக் குத்திவிட்டு அடுத்த பாகத்துக்குப் போயிருப்பார். ஒரு வேகமான தேய்ப்பில் அழிந்துவிடக்கூடிய மை அது.

தோல், துணி, காகிதம் எதையும் நீங்களே உலர்த்த வேண்டாம். ஈரத்தோடு பையில் இட்டுக் குளிரில் வைத்து, பாதுகாப்பு வல்லுநரிடம் அன்றே சேருங்கள். உப்பு நீங்கி மெல்ல உலர்ந்த உலோகத்துக்கு மெழுகுப் பூச்சோ, வேண்டும்போது நீக்கிவிடக்கூடிய பாரலாய்ட் என்ற பிசின் பூச்சோ போதும். நீக்க முடியாத வார்னிஷ் எதையும் தொடாதீர்கள்.

இது அதுதானா?

காகிதம் சொன்ன விமானமும் மண் கொடுத்த விமானமும் ஒன்று என்று நிரூபிக்க வேண்டும். என்ஜின் எண் தகடு கிடைத்தால் வழக்கு முடிந்தது. கிடைக்காவிட்டால் பாக எண்கள், துப்பாக்கி எண்கள், ஆய்வு முத்திரைகள் கைகொடுக்கும். பி8074 போன்ற இரண்டாம் வகை ஸ்பிட்ஃபயர்கள் எல்லாமே காசில் பிராம்விச் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை; அந்தத் தொழிற்சாலையின் முத்திரை கிடைத்தால் வேறு பல ஸ்பிட்ஃபயர்களை உடனே ஒதுக்கிவிடலாம்.

காட்சி

இங்கேதான் மனம் தடுமாறும். பணம் கொடுத்தவர்களுக்கு முழு விமானம் வேண்டும். குழந்தைகளுக்குப் பளபளப்பு பிடிக்கும். எகிப்தில் நடந்ததைச் சொல்கிறேன். 1942 ஜூன் 28 அன்று டென்னிஸ் காப்பிங் என்ற விமானி ஓட்டிச் சென்ற கிட்டிஹாக் விமானம் பாலைவனத்தில் இறங்கியது. 2012-இல் கண்டுபிடித்தபோது ஏறத்தாழ முழுசாக இருந்தது. எழுபது ஆண்டு மணற்காற்று வண்ணத்தைச் சுரண்டி, வெயில் வெளுத்த வெறும் உலோகம். விமானி திரும்பவே இல்லை. பிறகு அந்த விமானத்தை எல் அலமைன் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்ப் புது வண்ணம் பூசி நிறுத்தினார்கள். அந்த வண்ணத்துக்குக் கீழே பாலைவனம் எழுதியது எல்லாம் மறைந்துவிட்டது. அதை நினைக்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது.

எனவே வண்ணம் வேண்டாம், நிமிர்த்தல் வேண்டாம். விமானத்தின் முழு உருவம் தெரிய வேண்டும் என்றால் தரையில் உண்மை அளவில் வெளிக்கோடு வரைந்து, கிடைத்த பாகங்களை அவற்றின் இடத்தில் வையுங்கள். கிடைக்காத இடம் காலியாக இருக்கட்டும். எவ்வளவு போயிற்று என்று அந்தக் காலி இடம் சொல்லும்.

தாங்கிகளை எஃகில் செய்தால், அது அலுமினியத்தை நேராகத் தொடாதபடி இடையே பஞ்சுநுரைத் தட்டு வையுங்கள். எடை அதன் பலமான இடத்தில் உட்கார வேண்டும்; கிழிந்த ஓரத்தில் அன்று. ஓக் மரப் பெட்டியும் அழுத்தப்பட்ட மரத்தூள் பலகையும் அமில ஆவி விடும், தவிருங்கள். காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது. சிறு பெட்டிகளுக்குச் சிலிக்கா ஜெல் போதும். ரேடிய மானிகளைக் காட்ட வேண்டாம், படம் போதும்.

விளக்கப் பலகையில் முதல் வரி விமானியின் பெயராக இருக்கட்டும். அடுத்து தேதி, இடம், என்ன நடந்தது. குதிரைத்திறனும் வேகமும் கடைசியில். குடும்பத்தார் இருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் அவர்களுக்காக மட்டும் கதவைத் திறந்துவிடுங்கள்.

எப்படிச் செய்யலாம் என்பதற்கு வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் இருக்கும் டவர் அருங்காட்சியகத்தில் உள்ள பி8074 ஒரு சான்று. இன்னொன்று ஜப்பானில் எஹிமே மாநிலத்தின் ஐனான் ஊரில் இருக்கிறது. அங்கே விரிகுடாவில் சுமார் 40 மீட்டர் ஆழத்தில் கிடந்த ‘ஷிடென்-காய்’ போர் விமானத்தை 1979 ஜூலையில் தூக்கினார்கள். அதன் நான்கு புரொப்பெல்லர் இலைகளும் பின்னோக்கி வளைந்திருக்கின்றன. கடல்மேல் தாழப் பறந்து நீரில் இறங்கிய கணத்தின் அச்சு அது. அவற்றை யாரும் நிமிர்த்தவில்லை. 1945 ஜூலை 24 அன்று அந்தப் பகுதியில் நடந்த வான்போரிலிருந்து ஆறு விமானிகள் திரும்பவில்லை. இந்த விமானத்தில் வந்தவர் அவர்களில் யார் என்று தெரியவில்லை. ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பெயர் எழுதாமல், ஆறு பேரின் படங்களையும் அங்கே வைத்திருக்கிறார்கள்.